டொக்டரம்மா படமும் அருளம்மா ரீச்சரும்

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, இத்தாலியில் பலெர்மோ நகரத்துக் கரையோரமான மொண்டெல்லோவில் நான் வேலை செய்யும் வீட்டில் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. அழைத்தவர் கார்மேலா அம்மா, இந்த ஊர் வழக்கில் சிஞோரா கார்மேலா. பலெர்மோவின் கபோச் சந்தையில் மரக்கறி விற்பவர். தொலைபேசியிலும் சந்தைக் குரலிலேயே பேசுவார். அன்று அவர் குரல் தாழ்ந்திருந்தது. மயெஸ்த்ரா காலையில் கதவு திறக்கவில்லை என்றார், தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு மகனைக் கொண்டு திறந்ததாகச் சொன்னார், பிறகு அழத் தொடங்கிவிட்டார். மயெஸ்த்ரா என்றால் இத்தாலிய மொழியில் ஆசிரியை. கார்மேலா அப்படி அழைப்பது ஒரே ஒருவரைத்தான். எங்கள் அருளம்மா ரீச்சர் நித்திரையிலேயே போய்விட்டார்.

கையிலிருந்த விரிப்பை ஒழுங்காக மடித்து அலுமாரியில் வைத்தேன். பிறகு அந்த வீட்டுத் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். வீட்டுக்காரி பயந்துபோய், இறந்தது உன் தாயா என்று கேட்டார். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ரீச்சரை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பித்தவர். பாடத்தில் ஒரு பெண்ணின் பெயர் வந்தால் பிள்ளைகளைக் கைதட்டச் சொல்லுவாராம். கத்தோலிக்கர். மணம் முடிக்கவில்லை. போர் முடிவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே பலெர்மோவுக்கு வந்து, பக்கத்து ஊரான பகேரியாவில் ஒரு முதிய சிஞோராவைப் பராமரித்து வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கபோவில் தான் வாடகைக்கு எடுத்திருந்த அறைக்கு வருவார். குள்ளமானவர். நடை என்றால் அப்படி ஒரு நடை. கூடப் போகிறவர்கள் ஓடத்தான் வேண்டும். யாராவது ஒருவரைப் பார்த்து “பாவம்” என்றால் அவருக்குக் கோபம் வந்துவிடும். “பாவம் எண்டு சொல்லிப்போட்டு நீங்கள் வீட்டை போயிடுவியள்” என்பார்.

அந்த அறை சந்துக்கு நேரே கதவு திறக்கும் ஒற்றை அறை. கதவைத் திறந்தால் எதிர்ச்சுவர் தெருவில் போகிறவர் எல்லோருக்கும் தெரியும். அந்தச் சுவரில் ரீச்சர் சட்டம் போட்டுச் சில படங்களை மாட்டியிருந்தார். எல்லாம் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பெண்கள். ஒருவர் தொலைநோக்கியோடு விண்ணைப் பார்த்தே ஆயுளைக் கழித்தவர். ஒருவர் ஆண் பெயரில் நாவல் எழுதியவர். ஒருவர் கப்பலேறி வந்து எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்த மிஷனரி. நடுவில் இருந்த பெரிய படத்தில் ஒரு வெள்ளைக்கார டொக்டரம்மா நாற்காலியில் இருக்கிறார். பக்கத்தில் வெள்ளைச் சேலை உடுத்த ஒரு தமிழ்ப் பெண், கையில் தண்ணீர்ப் பாத்திரத்தோடு நிற்கிறார். பழைய நினைவு மலர் ஒன்றில் அச்சாகியிருந்த படத்தைப் பெருப்பித்து எடுத்தது. டொக்டரம்மாவின் பெயர் கீழே அச்சாகியிருந்தது. மற்றவருக்குப் பெயர் இல்லை.

ரீச்சர் அதிகம் கதைத்தது அந்தப் பெயரில்லாத பெண்ணைப் பற்றித்தான். டொக்டரம்மா வந்திறங்கியபோது ஒரு சொல் தமிழ் தெரியாது என்றும், எங்கே நோகிறது, எத்தனை நாளாக என்று கேட்டதெல்லாம் இவர்தான் என்றும் சொல்லுவார். இவர் இல்லாவிட்டால் அந்த டொக்டரம்மா ஊமை டொக்டராக இருந்திருப்பார் என்று சிரிப்பார்.

மார்ச் மாதத்தில் பெண்கள் தினத்தன்று இந்த ஊரில் மஞ்சள் மிமோசாப் பூ விற்பார்கள். அந்த நாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்த ஒரு வருடம், ரீச்சர் அதை வாங்கிச் சரமாகக் கட்டி, நாங்கள் இறந்தவர் படத்துக்குப் போடுவதுபோல அந்தப் படங்களுக்குப் போட்டு, முன்னால் ஒரு சிறிய சிவப்பு விளக்கும் கொளுத்தி வைத்தார். கபோவில் சந்துக்குச் சந்து சுவர் மாடங்களில் மாதாவும் புனிதர்களும் பூவோடும் விளக்கோடும்தான் இருக்கிறார்கள். பிறகு கேட்கவும் வேண்டுமா? அடுத்த ஞாயிறு வாசலில் ஒரு மெழுகுதிரி இருந்தது. அதற்கடுத்த ஞாயிறு கார்மேலா தான் விற்கும் கூனைப்பூ என்ற மரக்கறியை ஒரு கட்டாகக் கொண்டுவந்து காணிக்கையாக வைத்துவிட்டு, டொக்டரம்மாவுக்கு ஒரு முத்தமும் பறக்கவிட்டுப் போனார். பிள்ளைப்பேறு பார்த்த டொக்டர் என்று ரீச்சர் சொன்னது, கர்ப்பிணிகளைக் காக்கிற கிழக்குத் தேசத்துப் புனிதை என்று திரிந்து சந்தையெல்லாம் பரவிவிட்டது.

ரீச்சருக்கு ஒரே பதைப்பு. இவர் புனிதை இல்லை என்று ஒவ்வொருவரையும் மறித்து மறித்துச் சொன்னார். போதாததற்கு அந்த டொக்டரம்மா கத்தோலிக்கரே இல்லை, மற்றச் சபைக்காரி, புரட்டஸ்தாந்து. புனிதைகள் எல்லோரும் தொடக்கத்தில் இப்படித்தான் அடக்கமாக மறுப்பார்கள் என்று கார்மேலா பதில் சொன்னாராம்.

அந்தக் கதை எங்கள் தமிழ்ச் சனத்தின் காதுக்கும் வந்தது. அப்படித்தான் நானும் ஒரு ஞாயிறு பின்னேரம் மெழுகுதிரியோடு அந்த வாசலுக்குப் போனேன். நான் வன்னியிலிருந்து வந்தவள், சைவக்காரி. வயிற்றில் எட்டு மாதம். என் கணவர் மொண்டெல்லோவில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். எனக்குப் பெர்மெஸ்ஸோ, அதாவது இங்கே தங்குவதற்கான அனுமதி, இல்லை. முகமும் காலும் வீங்கியிருந்தன. சில நாட்களாகத் தலையிடி விடவே இல்லை.

ரீச்சர் மெழுகுதிரியைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

“இஞ்சை பார் பிள்ளை, இவ டொக்டர். டொக்டருக்கு மெழுகுதிரி என்னத்துக்கு? செருப்பைக் கழட்டிக் காலைக் காட்டு.”

காலில் விரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.

“எனக்கு இது என்ன வருத்தம் எண்டு தெரியாது. தெரிஞ்ச ஆக்களிட்டைப் போவம்” என்றார்.

ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்றேன். தாள் இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கிருந்து நேரே குவெஸ்தூராவுக்கு, பொலிஸ் அலுவலகத்துக்கு, கொண்டுபோய்த் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று எங்களுக்குள் எல்லோரும் நம்பியிருந்த காலம் அது. அதைச் சொன்னேன். அப்படி இல்லை, தாள் இல்லாதவருக்கும் வைத்தியம் உண்டு, கர்ப்பிணியைத் திருப்பி அனுப்பவும் முடியாது, சட்டம் இருக்கிறது என்று ரீச்சர் விளங்கப்படுத்தினார். அதற்குப் பிறகும் நான் அசையவில்லை. கடைசியில் உண்மைக் காரணத்தைச் சொன்னேன். போரின் கடைசி மாதங்களில் ஆஸ்பத்திரி என்று பெயர் வைத்திருந்த இடங்களில்தான் ஷெல் விழுந்தது. காயப்பட்ட என் அண்ணாவை அப்படி ஒரு இடத்தில் கொண்டுபோய் விட்டோம். திரும்பக் கூட்டிவர அண்ணா இருக்கவில்லை. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக் கட்டிலைக் கண்டாலே எனக்கு மூச்சு அடைக்கும்.

எல்லாவற்றையும் ரீச்சர் குறுக்கே பேசாமல் கேட்டார். பாவம் என்று ஒரு சொல் சொல்லவில்லை. படத்தில் நின்ற வெள்ளைச் சேலைக்காரியைக் காட்டி ஒரு கதை சொன்னார். அந்தக் காலத்தில் எங்கள் சனம் ஆஸ்பத்திரிக்கு வராது. போனால் சாவு, இல்லையென்றால் மதம் மாற்றிவிடுவார்கள் என்ற பயம். அதனால் இவர்கள் இருவரும் மாட்டுவண்டியில் வீடு வீடாகப் போவார்களாம்.

“ஒரு வீட்டிலை பிள்ளைப்பேறு சரிவரேல்லை. கதவு திறக்கமாட்டம் எண்டு சொல்லிப்போட்டினம். போவம் எண்டு டொக்டரம்மா வண்டியிலை ஏறியிட்டா. இவ ஏறேல்லை. அந்த வாசல்லையே இருந்திட்டா, திறக்கும்வரைக்கும்.” சொல்லிக்கொண்டே ரீச்சர் தன் வாசற்படியில் போய் உட்கார்ந்தார். “நானும் இருக்கிறன். எனக்கு அவசரமில்லை. உனக்குத்தான் அவசரம்.”

அவருக்கு அவசரம் இருந்தது. மாலை பகேரியா ரயிலைப் பிடித்துச் சிஞோராவிடம் போயாக வேண்டும். பையில் தொலைபேசி அடித்தடித்து ஓய்ந்தது. அவர் எடுக்கவில்லை. உள்ளே நான், வாசலில் அவர். இந்த மனுசி என்ன பிடிவாதம் என்று எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. பிறகு என் கண்ணுக்குள் பூச்சி பறப்பதுபோல வெளிச்சம் மின்னத் தொடங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பி, போவம் ரீச்சர் என்றேன்.

கார்மேலாவின் மகனுடைய மரக்கறி ஏற்றும் முச்சக்கர வண்டிதான் கிடைத்தது. பின்பெட்டியில் கத்தரிக்காய்களுக்கு நடுவே ரீச்சரின் மடியில் தலை வைத்துப் படுத்துப் போனேன். கார்மேலா வண்டிக்குப் பின்னால் சிலுவை போட்டபடி கொஞ்சத் தூரம் ஓடிவந்தார்.

ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்தது ஒரு இளம் பெண் டொக்டர். இரத்த அழுத்தத்தைப் பார்த்தவுடன் அவர் முகம் மாறியது. உடனே அறுத்துப் பிள்ளையை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு உயிரும் போய்விடும் என்றார். அறுப்பது என்றதும் நான் கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்தேன். ரீச்சர் என் தோளைப் பிடித்தார். அந்த டொக்டர், நீங்கள் இவருக்கு என்ன உறவு, உறவினர் தவிர மற்றவர்கள் வெளியே நிற்க வேண்டும் என்றார். ரீச்சர் இத்தாலிய மொழியில் அமைதியாகப் பதில் சொன்னார். பிறகு அதையே எனக்குத் தமிழில் சொன்னார்.

“நான் இவவின்ரை வாய் எண்டு சொன்னனான்.”

டொக்டர் அவரையும் கூட வரச் சொன்னார். அறுவைச் சிகிச்சை அறைக் கதவுவரை ரீச்சர் கூடவே வந்தார். டொக்டர் சொன்ன ஒவ்வொன்றையும் எனக்குச் சொன்னார், நான் கேட்ட ஒவ்வொன்றையும் அவரிடம் கேட்டார். ஒன்றைக்கூட மறைக்கவில்லை, இனிப்புத் தடவவும் இல்லை. கடைசியாகத் தன் சொல்லாக ஒன்று சொன்னார்: “உன்ரை தாளைப் பற்றி இந்த டொக்டருக்கு யோசினை இல்லை. உன்ரை பிரஷரைப் பற்றித்தான் யோசினை. பயப்பிடாமல் போ.”

மகள் ஒரு உள்ளங்கைக் குஞ்சாகப் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். நான் பிழைத்தேன். பொலிஸ் ஒருவரும் வரவில்லை. வந்தது தேத்தண்ணியும் பிஸ்கட்டும் தள்ளிக்கொண்டு வந்த ஒரு அம்மாதான். அந்தத் தேத்தண்ணியைக் குடிக்கும்போது நான் அண்ணாவுக்காக முதல் தடவை நிம்மதியாக அழுதேன்.

பிள்ளைக்கு உங்கள் பெயரை வைக்கட்டுமா என்று ரீச்சரிடம் கேட்டேன். என் பெயர் எனக்குத் தேவை, வேறு பார் என்று சொல்லிவிட்டார். அந்த வெள்ளைச் சேலைக்காரியின் பெயர் தெரிந்திருந்தால் அதை வைக்கச் சொல்லியிருப்பேன் என்று பிறகு ஒருநாள் சொன்னார். பெயர் தெரியாமல் எப்படி வைப்பது? மகளுக்குக் கயல்விழி என்று வைத்தோம்.

நான் பிழைத்ததைச் சந்தை முழுவதும் புனிதையின் புதுமை, அற்புதம் என்று கொண்டாடியது. ரீச்சர் சந்து நடுவில் நின்று சண்டை பிடித்தார். புதுமை செய்தது கத்தி பிடித்த அந்தப் பெண் டொக்டர், போய் அவருக்குப் பூக் கொடுங்கள் என்றார். ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில் ரீச்சர் சண்டையை விட்டுவிட்டு ஒரு விதி வைத்தார். டொக்டரம்மா படத்துக்கு யாரும் மெழுகுதிரி கொளுத்தலாம். ஆனால் கர்ப்பிணி என்றால் முதலில் ஆஸ்பத்திரியில் காட்டிய சீட்டைக் கொண்டுவர வேண்டும். சீட்டு இல்லாவிட்டால் நெருப்புப்பெட்டி கிடையாது. ஆஸ்பத்திரிக்குப் போகப் பயமென்றால் தானே கூட வருவார். உலகத்தில் எந்தக் கோயிலிலும் இப்படி ஒரு நேர்த்திக்கடன் இருந்திருக்காது. கத்தோலிக்கர் வீட்டில், மற்றச் சபைக்காரிக்கு, சைவக்காரியும் முஸ்லிமும் சீட்டைக் காட்டி மெழுகுதிரி கொளுத்தினார்கள். பங்குச் சுவாமியார் ஒருமுறை வந்து படத்தையும் சீட்டுகளையும் பார்த்து, தலையைச் சொறிந்துவிட்டுக் கோப்பி குடித்துப் போனார்.

என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்த அந்த ஞாயிறு மாலை வேலைக்குத் திரும்பாததால் பகேரியாச் சிஞோராவின் மகன் ரீச்சரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டான் என்பதை நான் நெடுநாள் கழித்துக் கார்மேலா சொல்லித்தான் அறிந்தேன். ரீச்சரிடம் கேட்டபோது, அந்த வீட்டுப் படிகள் தனக்கு எப்படியும் ஒத்துவரவில்லை என்றார். கபோவுக்குப் பக்கத்திலேயே வேறு வேலை பார்த்துக்கொண்டார். இப்படியும் ஒரு மனுசி இருக்க முடியுமா என்று அன்று நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன பார்க்கிறாய், உலையில் அரிசி போடு என்றார்.

அந்த வாரம் வியாழக்கிழமை அடக்கம். ரீச்சருக்கு இங்கே உறவென்று யாரும் இல்லை. யாழ்ப்பாணத்தில் இருக்கும் தங்கை தொலைபேசி வீடியோவில்தான் பார்க்க இருந்தார். பெட்டி தூக்க ஆட்கள் சேருமோ என்றுகூட நானும் கணவரும் கவலைப்பட்டோம். எங்கள் ஊரில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. நான் போவதென்றே முடிவெடுத்து மகளையும் கூட்டிக்கொண்டு போனேன்.

கபோவின் கத்தோலிக்கக் கோயிலுக்குள் நிற்க இடமில்லை. எல்லாம் பெண்கள். தமிழர், வங்காளத்தவர், ஆபிரிக்கர், கபோச் சந்தைக்காரிகள். கையில் பிள்ளை, இடுப்பில் பிள்ளை, பாவாடையைப் பிடித்தபடி பிள்ளை. எனக்குப் பக்கத்தில் நின்ற தமிழ்ப் பெண்ணைச் சந்தையில் பலதடவை கண்டிருக்கிறேன், கதைத்ததில்லை. அவர் என் மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மெதுவாகக் கேட்டார்:

“உங்களுக்கும் வாசல்லை இருந்தவவோ?”

“ஓம்” என்றேன்.

“எனக்கு விடியுமட்டும் இருந்தவ.”

இத்தனை பேரில் ஒருவரைப் பற்றிக்கூட ரீச்சர் இன்னொருவரிடம் பெயர் சொல்லியதில்லை. எனக்காக மட்டும்தான் அப்படி இருந்தார் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். ஒரு கணம் எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. பிறகு அந்தப் பிள்ளைகளை எல்லாம் பார்த்தேன்.

பெட்டி வாசலுக்கு வந்ததும் கார்மேலா கைதட்டத் தொடங்கினார். இந்த ஊர்க்காரர் மதிப்புக்குரியவரை அப்படித்தான் வழியனுப்புவார்கள். எங்கள் ஆட்கள் திகைத்து நின்றார்கள். செத்த வீட்டில் கைதட்டுவதா? என் மகள் பலெர்மோப் பிள்ளை, யாரையும் கேட்காமல் தட்டினாள். அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். தட்டினால் என்ன என்று கேட்பதுபோல என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் கையை விட்டுவிட்டேன்.

சந்து முழுவதும் அந்தச் சத்தம் எழும்பியது. ரீச்சர், வகுப்பறையில் மற்றப் பெண்களுக்காகக் கைதட்டச் சொன்னவர் நீங்கள். உங்களுக்கு நாங்கள் தட்டியது இதுதான் முதல் தடவை. நிம்மதியாகப் போங்கள் ரீச்சர். பெட்டி சந்து திரும்பி மறையும்வரை நானும் தட்டிக்கொண்டே நின்றேன்.