சட்டையில் சாம்பிராணி

தேயிலை ஃபெக்டரியில் உதவி டீமேக்கராக வேலைக்குச் சேர்ந்த பிறகு, இன்றுதான் ஞாயிறு பூசைக்குப் போகக் கிடைத்தது நண்பர்களே.

சனிக்கிழமை பறித்த கொழுந்துக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. வாடியதும் அரைத்தாக வேண்டும். ரோலர் இரைச்சலுக்கு மேலே பதுளை வேதக் கோயில் மணி கேட்காதா என்று வாராவாரம் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். கேட்டதே இல்லை.

"மத்தியானத்துக்குள்ள வந்துரணும்" என்று டீமேக்கர் ஐயா அரைமனதாக விட்டார். விடியும் முன்பே நடந்தேன்.

பூசையில் கண்ணை மூடி முழங்காலிட்டிருந்தேன். புகை வாசம் வந்தது.

"அடுப்பக் குறைங்க, தூள் தீயுது!" என்று கத்திவிட்டேன்.

கோயிலே திரும்பிப் பார்த்தது. பக்கத்திலிருந்த எங்கள் தோட்டத்துக் கங்காணி என் கையைப் பிடித்தார். "தம்பி, அது சாம்பிராணிப்பா."

அதற்குப் பிறகு எனக்குச் செபம் வரவில்லை.

மத்தியானம், தூள் காய வைக்கும் அடுப்பருகே நின்றேன். சட்டைக் கையில் இன்னும் சாம்பிராணி வாசம். முகத்தை அதில் புதைத்துக் கண்ணை மூடினேன். காலையில் வராத செபம் அப்போது வந்தது. புகை வாசம் கூடக்கூட, கோயிலுக்குள்ளேயே இருப்பது போலிருந்தது.

"ஐயா, தூள் தீயுதுங்க!" என்று அடுப்புக்காரர் ஓடிவந்தார்.

இம்முறை உண்மையாகவே தீய்ந்துவிட்டது.

டீமேக்கர் ஐயா ஏசி முடித்துவிட்டார். அடுத்த லீவைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இந்தச் சட்டையை மட்டும் இப்போதைக்குத் துவைக்கப் போவதில்லை.

உங்களில் யாருக்காவது இந்தச் சட்டைக் கையைவிடப் பெரிய கோயில் வாய்த்திருந்தால், அடுத்த தபாலில் எழுதுங்கள்.