காரணம்: ஓட்டுநர் தவறு

வண்டிக்காரர் தன் வாழ்நாளில் ஒருமுறைகூடக் கண்ணால் பார்த்திராத ஒரு பொருளைப் பற்றி அவரிடமே கெட்ட செய்தி சொல்லும் தொழில் எங்களுடையது. பானெட்டைத் தூக்கினால் எஞ்சின் தெரியும். குனிந்தால் டயர் தெரியும். கியர்பாக்ஸை மட்டும், அது போன பிறகு, எங்கள் மேசைமேல்தான் முதன்முதலாகப் பார்ப்பீர்கள். ஆசைப்பட்டு ஆட்டோமேட்டிக் வாங்கி, தவணை முடிவதற்குள் அது நடுரோட்டில் கைவிரித்ததைக் கண்டு நொந்துபோன சக பாவப்பட்டவர்களே, இது உங்களுக்காகத்தான்.

மைசூரு பன்னிமண்டபத்தின் பக்கம் எங்கள் பட்டறை. நானும் மஞ்சுநாத்தும் கூட்டாளிகள். கியர்பாக்ஸ் தவிர வேறெதையும் தொடுவதில்லை. ஹாரன் அடிக்கவில்லை என்று வந்தால் அடுத்த கடையைக் கைகாட்டுவோம். எனக்குக் கொஞ்சம் இலக்கணப் பித்து உண்டு. அதனால் பட்டறையில் ஒரு சட்டம் வைத்திருக்கிறேன். ஜாப் கார்டில் ‘புகார்’ என்ற கட்டத்தில் வாடிக்கையாளர் சொன்னதை ஒரு சொல்கூட மாற்றாமல் எழுத வேண்டும். ‘காரணம்’ என்ற கட்டத்தில், கழற்றிப் பார்க்கும்வரை ஒரு புள்ளிகூட வைக்கக் கூடாது. அந்தச் சட்டம் எங்களைக் காப்பாற்றிய ஒரு தசரா விடுமுறையைப் பற்றிச் சொல்கிறேன்.

நின்றதும் நிறுத்தியதும்

பள்ளிகளுக்கு விடுமுறை விட்ட மறுநாள், லாரிமேல் ஏறி ஒரு கார் வந்தது. கூடவே ஊன்றுகோலுடன் ஒரு பெண்ணும் அவருடைய அண்ணனும் வந்தார்கள். பெண்ணின் பெயர் கோகிலா. சொந்த ஊர் ஹனூர்ப் பக்கம், குடியிருப்பது மைசூருவில், சாமராஜநகரைத் தாண்டி ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். குழந்தையிலிருந்தே இடது காலில் பலம் கிடையாது. இடது காலுக்கு வேலை வைக்காத வண்டி ஆட்டோமேட்டிக் ஒன்றுதான். அதை வாங்குவதற்கு முன் பஸ்ஸில்தான் போய்வந்திருக்கிறார். பஸ்ஸின் முதல் படி அவர் முழங்காலுக்கு மேலே. அந்த நாட்களைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

வண்டி நஞ்சன்கூடு தாண்டி நின்றுவிட்டது. கம்பெனி சர்வீஸ் சென்டரில், கியர்பாக்ஸை மொத்தமாக மாற்ற வேண்டும், புது வண்டி விலையில் பாதி ஆகும், வாரண்டியில் வராது என்று சொல்லி ஒரு தாளையும் கொடுத்திருந்தார்கள். தாளில் காரணம் என்ற இடத்தில் ‘டிரைவர் மிஸ்யூஸ்’ என்று இருந்தது. கழற்றினார்களா என்று கேட்டேன். இல்லையாம். அண்ணன் சிவகுமார் அந்தத் தாளை மனப்பாடமே செய்திருந்தார். “இவ ஓட்டி ஓட்டியே கெடுத்துப்போட்டாளுங்க. உள்ளபடியே எடுத்துக்கறேன்னு ஒரு ஆளு இருக்குறாரு. பள்ளிக்கூடம் தெறக்கறதுக்குள்ள வித்துப்போட்டு, மறுபடி பஸ்ஸுலயே போகட்டும்னு சொல்லீட்டேன்.”

மஞ்சு பேனாவை எடுத்து, தன் கன்னடத் தமிழில் கேட்டான்: “மேடம், என்ன ஆச்சு ஹேளி, அப்படியே பரிதினி.” அதாவது, நீங்கள் சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன். கியர் விழவே இல்லை என்று சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன். (தமிழில் எது விழுந்தாலும் கெட்டது, கியர் மட்டும் விழுந்தால்தான் நல்லது.) அவர் அண்ணனை ஒருமுறை பார்த்துவிட்டு மஞ்சுவிடம் சொன்னார்: “எழுதிக்குங்க சார். வண்டி நின்னுபோச்சு. நான் நிறுத்தலை.”

பெயர் வைத்தவர்கள் குற்றம்

அடுத்த நாள் மேல்கோட்டையிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். சம்ஸ்கிருதம் கற்பிப்பவர். அதே வகை வண்டி. மேடு ஏறும்போது வண்டி நடுங்குகிறது, கருகிய வாசனை வருகிறது என்று புகார். கழற்றினோம். கிளட்ச் தட்டு சூடு தாங்காமல் நீலம் பாரித்து, மயில் கழுத்து மாதிரி இருந்தது. இந்த வகை ஆட்டோமேட்டிக்கில் கிளட்ச் பெடல்தான் கிடையாது, கிளட்ச் உண்டு. நம் காலுக்குப் பதிலாக உள்ளே ஓர் இயந்திரம் அதைப் பிடித்து விடுகிறது. கியர் வண்டி ஓட்டிப் பழகியவர்கள், மேட்டில் நிற்க நேர்ந்தால் பிரேக்கை மிதிக்காமல் ஆக்ஸிலேட்டரை லேசாக அழுத்தியே வண்டியை அந்தரத்தில் நிறுத்திவைப்பார்கள். வண்டி அசையாது, உள்ளே தட்டு உரசிக்கொண்டே இருக்கும்.

உற்சவ நாளில் மலையேறும்போது வரிசையில் இப்படித்தான் நின்றீர்களா என்று கேட்டேன். பெருமையோடு தலையாட்டினார். முப்பது வருஷப் பழக்கமாம், ஒரு அங்குலம் பின்னால் போகாதாம். நான் தட்டைக் காட்டி, பிரேக் மிதித்திருக்க வேண்டும் என்று விளக்கினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே யோசித்தார். பிறகு நியாயமாக ஒரு கேள்வி கேட்டார்: “ஸ்வாமி, நிக்கறதுக்கும் நானே மிதிக்கணும்னா, இதுக்குத் தானியங்கின்னு ஏன் பேர் வெச்சா?”

நான் எடுத்த பாடம்

அந்த நீலத் தட்டு என் புத்தியைக் கெடுத்தது. ஒரே வகை வண்டி, ஒரே வாரம். கோகிலா டீச்சரும் இதைத்தான் செய்திருப்பார் என்று, கழற்றாமலே, மனதுக்குள் காரணக் கட்டத்தை நிரப்பிவிட்டேன். என் சட்டத்தை நானே மீறினேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அவருக்குப் போன் செய்து, மேட்டில் வண்டியை நிறுத்தும் முறை பற்றிக் கால்மணி நேரம் உரையாற்றினேன். உரை நன்றாகவே இருந்தது. பழைய கியர் வண்டியின் பழக்கம் புது வண்டியை எப்படிக் கொல்கிறது என்று உவமையெல்லாம் சொன்னேன்.

அவர் ஒரு வார்த்தை குறுக்கிடவில்லை. வகுப்பில் பின்பெஞ்சு பையன் தப்பான விடையை முழுதாகச் சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருக்கும் அமைதி அது. முடித்ததும், கழற்றினால் அண்ணன் பார்த்துவைத்த ஆள் வாங்க மாட்டார், பிறகு பின்வாங்க முடியாது, யோசித்துச் சொல்லுங்கள் என்றேன். யோசிக்கவே இல்லை. “நான் கிளட்ச் வண்டி ஓட்டினதே இல்லீங்க சார். அந்தக் கெட்ட பழக்கத்த எங்க போயிக் கத்துக்கறது? நீங்க கழட்டுங்க.”

யாருடைய ஆயுள்

இதற்கிடையில் ஓர் இளைஞர் வந்தார். சாஃப்ட்வேர் வேலை, எண்ணெயில் மூழ்கி ஓடும் இன்னொரு வகை ஆட்டோமேட்டிக், எண்பதாயிரம் கிலோமீட்டர். கியர்பாக்ஸ் எண்ணெய் எப்போது மாற்றினீர்கள் என்றேன். மாற்றவே தேவையில்லை, ‘லைஃப்டைம் ஆயில்’ என்று கையேட்டில் போட்டிருக்கிறது என்று போனில் பக்கத்தையே காட்டினார். வடித்துக் காட்டினேன், கரிச்சட்டி கழுவிய தண்ணீர் மாதிரி வந்தது. ‘ஆயுள் எண்ணெய்’ என்பது தொகைச்சொல், விரித்தால் எண்ணெயின் ஆயுளா, கியர்பாக்ஸின் ஆயுளா, வாரண்டியின் ஆயுளா என்று மூன்று விதமாகப் பொருள் வரும் என்றேன். மஞ்சு வழக்கம்போல வெளியே போய்விட்டான். இளைஞர் மட்டும் கவனமாகக் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார்: “நான் அத என் ஆயுள்னு நெனச்சுட்டேன் சார்.”

இரண்டு தட்டுகள்

ஆயுதபூஜைக்கு இரண்டு நாள் முன்பு டீச்சரின் கியர்பாக்ஸை இறக்கினோம். கிளட்ச்சைப் பிரித்தோம். தட்டு சாம்பல் நிறத்தில், சீராகத் தேய்ந்து, சூட்டின் சுவடே இல்லாமல் இருந்தது. இத்தனை வருடத்தில் இவ்வளவு ஒழுங்காகத் தேய்ந்த தட்டுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பழுது வேறிடத்தில். கியரை மாற்றும் எண்ணெய் அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் அலுமினியக் கூட்டில், மயிரிழை போல ஒரு விரிசல். டார்ச் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரிந்தது. எண்ணெய் கசிய, அழுத்தம் இறங்க, கியர் விலகி வண்டி நின்றிருக்கிறது. யார் ஓட்டியிருந்தாலும் நின்றிருக்கும்.

அந்தக் கூடு தனியாகக் கிடைக்காது என்பதுதான் மொத்தமாக மாற்றச் சொல்வதற்குக் காரணம். கிடைக்காவிட்டால் செய்யலாம் என்பது எங்கள் கட்சி. கோயமுத்தூரில் எங்களுக்குத் தெரிந்த ஒரு பட்டறையில், அளவெடுத்து, முன்னதைவிடத் தடிமனாகக் கடைந்து, திம்பம் மலைப்பாதை வழியாகப் பஸ் பார்சலில் அனுப்பினார்கள்.

பார்சலைத் திறந்துகொண்டிருந்தபோது சிவகுமார் கோபமாக வந்தார். கழற்றிவிட்டோம் என்று தெரிந்து, வாங்க இருந்த ஆள் விலகிவிட்டாராம். நான் மேசையைக் காட்டினேன். மேல்கோட்டைத் தட்டும் டீச்சரின் தட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்று கருகி நீலம் பாரித்தது, ஒன்று சாம்பல் நிறம். உங்கள் தங்கையுடையது எது, சொல்லுங்கள் என்றேன். ஒரு நொடிகூடத் தயங்காமல் நீலத்தைத் தொட்டார். மஞ்சு துணியால் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: “அது முப்பது வருச எக்ஸ்பீரியன்ஸ் சார். பக்கத்துல இருக்கே, அதுதான் உங்க தங்கி.”

பொட்டு

விஜயதசமி யானை ஊர்வலமான ஜம்பு சவாரி முடிந்து கடை திறந்த காலை, ஒரு மளிகைக்கடைக்காரர் மனைவியோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். கியர் லீவர் ‘பார்க்கிங்’ நிலையை விட்டு அசையவில்லை, வண்டி நகரவில்லை, போனில் கேட்டால் லீவர் அமைப்பையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். மஞ்சு அவர்கள் வீட்டுக்கே போனான். ஆயுதபூஜைக்கு வண்டிக்கு மாலை, பூசணிக்காய், சக்கரத்தடியில் எலுமிச்சை எல்லாம் முறைப்படி நடந்திருந்தது. அத்தோடு அந்தம்மா பக்தி மிகுதியில் கியர் லீவரின் பட்டனுக்கும் குழைத்த சந்தனமும் குங்குமமும் தாராளமாக அப்பியிருந்தார். அது இடுக்கில் இறங்கிக் காய்ந்து, பட்டனைச் சிமென்ட் போல இறுக்கிவிட்டது. வெந்நீர்த் துணி, பழைய டூத் பிரஷ், பத்து நிமிடம், வேலை முடிந்தது. கணவர் மனைவியை முறைத்தார். அந்தம்மா மஞ்சுவிடம் நிதானமாகக் கேட்டார்: “பார்க்கிங்ல இருக்கறப்பதானேப்பா சாமி புடிச்சாரு? ஓடறப்பப் புடிச்சாரா?”

சாமுண்டி மலை

பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. கியர்பாக்ஸ் ஏறிவிட்டது. அழுத்தம் காட்டும் ஊசி அசையாமல் நின்றது. ஆனால் பட்டறையில் நிற்பது வேறு, மேட்டில் நிற்பது வேறு. டீச்சரே ஓட்டட்டும் என்றேன். நான் பக்கத்து இருக்கையில், எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் கணினியை மடியில் வைத்துக்கொண்டு. சிவகுமார் பின்னால். வரத் தேவையில்லை என்றுதான் சொன்னோம், வந்தார்.

சாமுண்டி மலையில் பாதி ஏறியதும், மேலே பஸ் ஒன்று திரும்ப முடியாமல் நிற்க, எல்லா வண்டிகளும் ஏற்றத்திலேயே நின்றன. எங்களுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு ஒரு வேன். இந்த இடத்தில் வண்டி கியரை விட்டால் நாளை காலை அவர் பஸ் படியில்தான் ஏற வேண்டும். நான் திரையைப் பார்க்கவில்லை, அவருடைய வலது காலைப் பார்த்தேன். அது பிரேக்கின்மேல் முழுப் பாதமாக, தயக்கமில்லாமல் உட்கார்ந்திருந்தது. பஸ் நகர்ந்தது. கால் மாறியது. வண்டி ஒரு விரற்கடைகூடப் பின்வாங்காமல், ஒரு குலுங்கல் இல்லாமல், மேலே ஏறியது. நாங்கள் செய்வித்த கூடு தாங்கி நின்றதற்காக ஒரு பங்கும், அந்தக் கால் ஓட்டியதற்காக இரண்டு பங்கும் என் நெஞ்சு நிமிர்ந்தது.

வியூ பாயின்டில் இறங்கியதும் ஜாப் கார்டை எடுத்து, காரணக் கட்டத்தில், தெளிவான கையெழுத்தில் எழுதினேன்: ‘அழுத்தக் கூட்டில் விரிசல். ஓட்டுநர் தவறு இல்லை. கிளட்ச் தேய்மானம் முன்மாதிரியானது.’ பிற்பாடு இரண்டு தட்டுகளின் படத்தோடு அதன் நகலை டீச்சர் சர்வீஸ் சென்டருக்கும் அனுப்பினார். அங்கிருந்து பதில் வந்தால் எனக்கும் காட்டுவார். அன்று மலைமேல் நின்றபடி கார்டின் கடைசி வரியை அவர் இரண்டு தடவை படித்தார். பிறகு அண்ணனிடம் நீட்டினார். சிவகுமார் படித்துவிட்டு, மடித்து, தன் சட்டைப்பையில் வைக்கப் போனார்; டீச்சர் கையை நீட்டித் திரும்ப வாங்கிக்கொண்டார்.

இறங்கும்போது சிவகுமாருக்கு நாக்கு சும்மா இருக்கவில்லை. வளைவுக்கு வளைவு, “மெதுவா கண்ணு, பிரேக்கு, பிரேக்கு” என்றார். மூன்றாவது வளைவில் டீச்சர் கண்ணாடியில் அவரைப் பார்த்துச் சொன்னார்: “ஏண்ணா, ஓட்டறது நானு. பயமா இருந்தாக் கண்ண மூடிக்க.”

ஆகவே சக பாவப்பட்டவர்களே, கியர்பாக்ஸ் போனால் முதலில் எண்ணெயைத் திட்டுங்கள், அப்புறம் சாலையைத் திட்டுங்கள், பெயர் வைத்தவனையும் ஆசை தீரத் திட்டுங்கள். ஆனால் வண்டி ஓட்டிய வீட்டுப் பெண்ணிடம் வருவதற்கு முன், அதைக் கழற்றிப் பார்க்க எங்களுக்கு இரண்டு நாள் கொடுங்கள்.