அவள் முறுக்கிய வால்வு

வீட்டில் அவளுக்கு வைத்த பெயர் தண்ணி போலீஸ். வைத்தவன் மகன், வழிமொழிந்தவர் கணவர். காலையில் இருவரும் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் முணுமுணுக்க, அவள் சமையலறைத் தொட்டிக்கு அடியில் குனிந்து குழாய் வளைவை விரலால் தடவிப் பார்ப்பாள். வாஷிங் மெஷின் குழாயை மூடுவாள். பால்கனியில் தண்ணீர் போகும் ஓட்டையை அடைத்த சருகுகளைப் பொறுக்குவாள். கடைசியாகக் குளியலறைக் கதவுக்குப் பின்னால் இருக்கும் மெயின் வால்வைப் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்குவாள். மனசு கேட்காது. இன்னும் ஒரு முறுக்கு. அதற்குப் பிறகுதான் தையல் கம்பெனிக்கு ஓட்டம்.

இது சும்மா வந்த கிறுக்கு இல்லை. முன்பொரு தரம் எல்லோரும் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது மெஷினின் ரப்பர் குழாய் கழன்று, ஓடிய தண்ணீரில் ஊறிக் கீழ்வீட்டுக் கூரைப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. கீழ்வீட்டம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. நனைந்த மெத்தையை மாடிப்படியில் சாய்த்துவிட்டு இவளை நிமிர்ந்து பார்த்தார், அவ்வளவுதான். ஆண்கள் இருவருக்கும் அன்றைக்கென்று வெளியே அவசர வேலை முளைத்துவிட்டது. மன்னிப்புக் கேட்டு நின்றவள் இவள் ஒருத்திதான். அன்றோடு அந்த வீட்டுத் தண்ணீர் மொத்தமும் இவள் தலையில் விழுந்தது. யாரும் பங்குக்கு வரவில்லை, இவளும் கேட்கவில்லை. அலுத்துப்போய்விட்டது அவளுக்கு.

தங்கையின் பிரசவத்துக்குக் கிளம்பியவள், குழாயை மூடினோமா என்ற சந்தேகத்தில் பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பினாள். வீடு காய்ந்து கிடந்தது. தங்கை அதை வருஷக்கணக்காகச் சொல்லிச் சிரித்தாள். வயிற்றுக் கட்டிக்கு ஆபரேஷன் என்று நாள் குறித்தபோது மட்டும் சிரிக்கவில்லை.

"அக்கா, நான் கண்ணு முழிக்கும்போது நீ பக்கத்துல இருக்கணும். இந்தத் தடவை திரும்பிப் போயிடாத."

போனாள். ஆஸ்பத்திரியில் தங்கையை ஆபரேஷன் அறைக்குள் கொண்டுபோன கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது.

"சிங்க் அடியில தண்ணி பீச்சி அடிக்குது. மெயின் வால்வு எங்க இருக்கு?" என்றார் கணவர்.

இத்தனை வருஷம் குடியிருந்த மனுஷன் கேட்கிற கேள்வி. சொன்னாள். சற்று நேரத்தில் மறுபடியும் அவர்.

"சும்மா சுத்துதுடி, நிக்கவே மாட்டேங்குது! முறுக்கி முறுக்கி மரையைத் தேய்ச்சு வெச்சிருக்க."

காப்பாற்றுகிறேன் என்று இத்தனை நாளும் அவள் கெடுத்துக்கொண்டிருந்தது அந்த வால்வைத்தான்.

"மொட்டை மாடியில டேங்க் வால்வை மூடுங்க."

"எல்லார் வீட்டுக்கும் தண்ணி நின்னுடுமே, யாருக்குப் பதில் சொல்றது? கீழ்வீட்டம்மா வேற வந்தா? நீ கிளம்பி வந்துடு."

எழுந்துவிட்டாள். பழக்கம். கைப்பை தோளில் ஏறி, கால் படிக்கட்டுப் பக்கம் திரும்பியும் விட்டது. அங்கேயே நின்றாள்.

"முதல்ல டேங்கை மூடுங்க. அப்புறம் கீழ்வீட்டுக்குப் போய் நீங்களே சொல்லுங்க. மகனையும் கூட்டிட்டுப் போங்க."

"என்ன சொல்றது?"

"அன்னைக்கு மெத்தை நனைஞ்சப்போ நான் என்ன சொன்னேனோ அதையே. நான் வரலைங்க."

போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். மத்தியானத்துக்கு மேல் தங்கையைக் கட்டிலுக்குக் கொண்டுவந்தார்கள். வெகுநேரம் கழித்துக் கண் திறந்தவள் முதலில் பார்த்தது அக்காவின் தோளில் தொங்கிய பையைத்தான்.

"கிளம்பிட்டியா அக்கா?" உதடு மட்டும் அசைந்தது.

பையைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

"இல்லடி. வீடு நனைஞ்சா நனையட்டும்."

சொன்னதும் அழுகை வந்தது. தங்கை அவள் விரலைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் தூங்கிப்போனாள்.