கட்டைவிரல் வேண்டாம், பேனாவைக் கொண்டா

இன்று போடியில் ரேஷன் கடை மெஷின் என் கட்டைவிரலை ஏற்கவில்லை. இரண்டு கையிலும் எல்லா விரலையும் வைத்துப் பார்த்தாயிற்று.

"ரேகையே இல்லையே ஆத்தா. எங்க தொலைச்சீக?" என்றார் கடைக்காரத் தம்பி. வரிசையில் சிரித்தார்கள்.

"தொலைக்கல அப்பு. குரங்கணி மலை மேல ஏலக்காய் எடுத்துத் தேஞ்சது. அந்தச் சோலி பாத்துத்தான் மூணு பிள்ளைகளை ஆளாக்குனேன்" என்றேன்.

சிறுவயதிலேயே அம்மாவோடு தோட்டத்துக்குப் போனவள் நான். சம்பளத்தன்று அம்மா விரலை மையில் அழுத்தும்போது, "கைநாட்டு, தள்ளி நில்லு" என்பார் கங்காணி. அம்மா விரலைத் தலைமுடியில் துடைத்துக்கொள்வாள். வீடு திரும்ப ஜீப்பில் ஏறியதும் என் காதில் சொல்வாள்: "நீ யார்கிட்டயும் விரல நீட்டிராத தாயி."

என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப அவளால் முடியவில்லை. ஏலக்காய் மூட்டைகளில் எழுதியிருந்த பெயர்களைப் பார்த்துப் பார்த்து நானே எழுதப் பழகினேன். என் முதல் சம்பளத்தையே கையெழுத்துப் போட்டுத்தான் வாங்கினேன். அன்று அம்மா கங்காணியை நிமிர்ந்து பார்த்தாள்.

இத்தனைக்குப் பிறகு மறுபடியும் விரலை நீட்டச் சொன்னால் கோபம் வராதா?

கடைசியில் தம்பி அலுத்துப்போய் நோட்டையும் மைப்பெட்டியையும் எடுத்து வைத்தார். "இதுல ஒரு கைநாட்டு வச்சுட்டு வெரசா கெளம்புங்க ஆத்தா."

"பேனாவைக் கொண்டா" என்றேன்.

அம்மாவின் பெயரை முன்னால் போட்டு, என் பெயரை முழுதாக, நிதானமாக எழுதினேன். பின்னால் நின்றவர்கள் முனகினார்கள். முனகட்டும்.

மெஷினில் நானே நீட்டியும் ரேகை கொடுக்காமல், அம்மா சொன்ன சொல்லை என் விரல்கள் இன்றுவரை மீறவில்லை. உங்கள் வீட்டிலும் இப்படி உழைத்துத் தேய்ந்த விரல்கள் உண்டா?