மூன்று மணிக் குளிர்

முருகலட்சுமி மல்லாங்கிணற்றில் பிறந்தவள். அப்பாவுக்கு மூன்று ஏக்கர் கரிசல்; மழை பெய்தால் பருத்தி, பெய்யாவிட்டால் ஆடு. டிப்ளமோ முடித்ததும் அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு நூற்பாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். நூல் அறாமல் ஓட வேண்டுமானால் ஆலைக்குள் சூடும் ஈரமும் ஒரே அளவில் நிற்க வேண்டும். அதைக் கவனிப்பதுதான் அவள் வேலை. மணிக்கொரு முறை வெப்பமானியைப் பார்த்து நோட்டில் குறிக்க வேண்டும். ஐந்து வருடத்தில் ஒரு மணி நேரத்தைக்கூட அவள் விட்டதில்லை. எதையாவது சந்தேகப்பட்டால் அளந்து பார், குறித்து வை என்பது அவளுக்குக் கையோடு வந்துவிட்டது. இந்தப் பழக்கத்துக்காகத்தான் பின்னால் அவளை அடித்து விரல்களை முறித்தார்கள்.

பந்தல்குடிக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் அவளைக் கட்டிக் கொடுத்தார்கள். மாமனார் உக்கிரபாண்டிக்கு நாற்பது ஏக்கர், ஊரில் முதல் மரியாதை. மாப்பிள்ளை மதன்குமார் சவுதியில் தம்மாமில் சூப்பர்வைசர். கல்யாணமான நாற்பதாம் நாள் விமானம் ஏறினான். மில் வேலையை அதற்கு முன்பே நிறுத்தியாகிவிட்டது. நம் வீட்டு மருமகள் மில் பஸ்ஸில் ஏறி இறங்குவதா என்று மாமியார் சந்தனம்மாள் கேட்டாள்; அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அந்த வீட்டில் சத்யபிரியா என்று ஒரு மகள் இருந்தாள். எட்டு வருடத்துக்கு முன், பங்குனி மாதத்தில், பகல் மூன்று மணிக்குச் செத்துப்போனாள். வயிற்றுவலி என்றார்கள். அவள் படம் ஒன்றுகூட அந்த வீட்டில் கிடையாது. இவர்கள் தண்ணீர் வாங்கிக் குடிக்காத தெருவிலிருந்து ஒரு பையனோடு அவள் பஸ் ஏறியதும், மூன்றாம் நாள் திரும்பக் கூட்டி வரப்பட்டதும் ஊருக்கே தெரியும். மதன்குமார் அப்போது தம்மாமில் இருந்தான். வயிற்றுவலி என்று போனில் சொன்னார்கள், அவன் நம்பினான். நம்புவது அவனுக்கும் வசதியாக இருந்தது.

போன சித்திரைக்கு முந்திய சித்திரையில் பழைய வீட்டை இடித்துக் கட்டி, ஹாலுக்குப் பெரிய ஏசி வைத்தார்கள். கூரைக்குள் குழாய் ஓட்டி, நாலு பக்கத்திலிருந்தும் குளிர் இறங்கும் ஏசி. அதை நடத்துவதற்கு மதன்குமார் தம்மாமிலிருந்து ஒரு தெர்மோஸ்டாட்டை வாங்கி, ஊருக்கு வந்த நண்பன் கையில் கொடுத்தனுப்பினான். உள்ளங்கை அகலக் கண்ணாடிப் பெட்டி, டச் ஸ்கிரீன். ஆள் பக்கத்தில் போனால் தானாக நீல வெளிச்சம் வரும். எத்தனை மணிக்கு ஓட வேண்டும், எத்தனை மணிக்கு நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே அதில் எழுதி வைக்கலாம். மதன்குமார் தம்மாமிலேயே எல்லாவற்றையும் எழுதி, நாலு இலக்கப் பூட்டும் போட்டு அனுப்பினான். அருப்புக்கோட்டை ஏசி மெக்கானிக் முகம்மது அனீஸ் வந்து வயர்களை மாட்டிவிட்டுப் போனார். உள்ளே கை வைக்க வேண்டாம் என்பது முதலாளி உத்தரவு. அவர் வைக்கவில்லை.

பன்னிரண்டரைக்கு அதுவே ஓடும், மற்ற நேரத்தில் ஓடாது, யாரும் தொடக்கூடாது என்று மதன்குமார் போனில் அப்பாவிடம் சொன்னான். முதல் நாள் பன்னிரண்டரைக்கு உக்கிரபாண்டி சட்டையைக் கழற்றிவிட்டு ஹாலில் உட்கார்ந்தார். ஒன்றும் வரவில்லை. ஒரு மணி, இரண்டு மணி. வேர்த்து ஊற்றியது. சரியாக மூன்று மணிக்கு, யாரும் எழுந்திருக்காமல், யாரும் தொடாமல், தலைக்கு மேலே இரைச்சல் கேட்டது. நாலு மூலையிலிருந்தும் குளிர் இறங்கியது.

மறுநாளும் மூன்று மணிக்கு. அதற்கு மறுநாளும். உக்கிரபாண்டி மூன்று மணிக்கு முன்னால் தோட்டத்துக்குப் போய்விட ஆரம்பித்தார். சந்தனம்மாள் அந்த நேரத்தில் ஹாலுக்குள் வருவதை நிறுத்தினாள். மூன்று மணிக்குக் காப்பி டம்ளரோடு முருகலட்சுமி பெட்டியைக் கடந்தபோது அது நீலமாக விழித்ததைச் சந்தனம்மாள் கதவிடுக்கில் பார்த்தாள்; காலையில் தான் கடந்தபோது அது விழிக்கவில்லை. தான் எட்டடி தள்ளிப் போனதையும் மருமகள் ஓரடி பக்கத்தில் போனதையும் அவள் கணக்கில் எடுக்கவில்லை.

முருகலட்சுமி என்ன செய்வாள்? மில்லில் செய்ததைச் செய்தாள். நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் குறித்தாள். ஓடிய நேரம் 3.00, நின்ற நேரம் 6.00. பன்னிரண்டு நாள், ஒரு நிமிடம் மாறவில்லை. பன்னிரண்டாம் நாள் கிட்டே போய்ப் பார்த்தபோது கண்ணாடியின் கீழ் மூலையில் எறும்பளவு எழுத்தில் ஒரு நேரம் தெரிந்தது. 12:30. அவளுக்குச் சிரிப்பு வந்தது. பெட்டி சரியாகத்தான் ஓடுகிறது. ஆனால் அது தம்மாமில் இருக்கிறது. இந்தியாவில் மூன்று மணி என்றால் தம்மாமில் பன்னிரண்டரை. எழுதிய ஆள் ஊரை மாற்ற மறந்துவிட்டான்.

அன்றே போனில் சொன்னாள். பெட்டி உங்கள் ஊர் நேரத்தில் ஓடுகிறது, பூட்டு எண்ணைச் சொல்லுங்கள், மாற்றிவிடுகிறேன் என்றாள்.

"எனக்கே டைம் சொல்லிக் குடுக்கிறியோ? நான் வச்சது சரியாத்தான் இருக்கும். நீ என்னமோ நோண்டுற."

போனை வைத்துவிட்டான். பிறகு அப்பாவைக் கூப்பிட்டு, அவள் பெட்டியை என்னவோ செய்கிறாள் என்று சொன்னான். தன் தவறை ஒத்துக்கொள்ள ஒரு நிமிடம் போதும். அந்த நிமிடத்தைக் கொடுத்திருந்தால் அடுத்து நடந்தது எதுவும் நடந்திருக்காது.

நாள்காட்டித் தாள்கள் சந்தனம்மாள் கையில் சிக்கின. மூன்று, மூன்று, மூன்று என்று பன்னிரண்டு முறை. அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டு திருச்சுழிப் பக்கத்துக் கோடாங்கி செல்லப்பாண்டியிடம் போனாள். உடுக்கடித்துப் பேயோட்டுவது அவன் பிழைப்பு. இது செத்தவள் தன் நேரத்தை எழுதுவது என்றான். மருமகள் கையை வைத்து எழுதுகிறாள், செவ்வாய்க்கிழமை உச்சிப் பொழுதில் வருகிறேன், ஆளை வெளியே விடாதீர்கள் என்றான்.

திங்கட்கிழமை சாயங்காலமே முருகலட்சுமிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. பயந்துதான் போனாள். ஆனால் பெட்டியைச் சரிசெய்துவிட்டால் பேயும் போய்விடும் என்று நினைத்தாள். இவர்களிடம் நியாயத்தை எதிர்பார்த்ததுதான் அவள் செய்த ஒரே பிழை. கணவனின் பைக் நம்பரைப் போட்டுப் பார்த்தாள். பூட்டுத் திறந்தது. நேரத்தை இந்தியாவுக்கு மாற்றினாள். அனீஸுக்குப் போன் செய்து, நாளைக்கு வந்து இவர்களுக்கு ஒரு வார்த்தை விளக்கிச் சொல்லுங்கள் அண்ணே என்று கேட்டுக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை பன்னிரண்டரைக்குக் கோடாங்கி வாசலில் உடுக்கை எடுக்கவும் ஹாலில் ஏசி இரைந்தது. குளிர்காற்று வாசல்வரை வந்தது. முருகலட்சுமி ஓடி வந்து, பாருங்கள், சரியாகிவிட்டது, இனி தினமும் இந்த நேரத்துக்குத்தான் வரும் என்றாள்.

கோடாங்கி உக்கிரபாண்டியைப் பார்த்தான். "நான் வந்தது தெரிஞ்சு நேரத்த மாத்திக்கிருச்சு பாத்தீகளா."

அவளை முற்றத்து மண்ணில் உட்கார வைத்தார்கள். சந்தனம்மாள் பின்னாலிருந்து கூந்தலைக் கையில் சுற்றிப் பிடித்தாள். உக்கிரபாண்டி முன்னால் நின்றார். வாசலுக்கு வெளியே ஊர் கூடியது. கோடாங்கி சாம்பலை முகத்தில் அடித்தான். பச்சைப் புளியம்விளாறை உருவினான்.

"யாரு நீ? எந்த ஊரு? எப்படிச் செத்த?"

"முருகலட்சுமி. மல்லாங்கிணறு. சாகலை."

விளாறு தோளில் விழுந்தது. ரவிக்கை கிழிந்தது. மறுபடி அதே கேள்வி. மறுபடி அதே பதில். முதுகில், தொடையில், கழுத்தில். தடுக்க நீட்டிய இடது கையை மிதித்து, உடுக்கின் மரக்கட்டையால் விரல்மேல் அடித்தான். இரண்டு விரல்கள் முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. நெற்றியிலிருந்து இரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அடிப்பதற்கு நடுவில் அவன் தண்ணீர் கேட்டான், செம்பில் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவளுக்குக் கொடுக்கவில்லை. வெளியே நின்ற நாற்பது பேரில் ஒருவரும் படியேறவில்லை. அப்போதுதான் வந்து சேர்ந்த அனீஸ் மட்டும் ஏறினார்; அது டைம் மாறினதுங்க, பேயெல்லாம் இல்லைங்க என்றார். உக்கிரபாண்டியின் ஆட்கள் அவரைக் கன்னத்தில் அறைந்து தெருவில் தள்ளினார்கள். விழுந்த இடத்திலிருந்து எழுந்து, கூட்டத்தின் தோளுக்கு மேலாகக் கைபேசியைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தார்.

கோடாங்கி கேள்வியை நிறுத்தவில்லை. இவன் ஒரு பெயரைக் கேட்காமல் ஓயமாட்டான், அதற்குள் தான் செத்துவிடுவோம் என்று முருகலட்சுமிக்குப் புரிந்தது. அந்த வலியிலும் அவள் ஒன்றைக் கவனித்தாள். யாரு நீ என்று கேட்கும்போது ஒன்றும் நடப்பதில்லை. எப்படிச் செத்த என்று கேட்கும்போது மட்டும் மாமியாரின் பிடி இறுகுகிறது. மாமனாரின் கால் ஒரு எட்டுப் பின்னால் போகிறது. ஒரு முறை அல்ல. நாலு முறை.

ஐந்தாவது முறை அவன் விளாறை ஓங்கினான். "யாரு நீ?"

"சத்யபிரியா."

ஓங்கிய விளாறு அப்படியே நின்றது. வெளியே யாரோ கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"எப்படிச் செத்த?"

அவளுக்குத் தெரியாது. தெரியாததை அவள் இட்டுக்கட்டவில்லை. நிமிர்ந்து மாமனார் முகத்தைப் பார்த்தாள்.

"எங்க அப்பாவக் கேளு."

உக்கிரபாண்டி முழங்கால் மடங்கி மண்ணில் விழுந்தார். நாற்பது ஏக்கர்காரர், முதல் மரியாதைக்காரர், மருமகளின் இரத்தம் சிந்திய மண்ணில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு அழுதார்.

"தாயி, நான் காலத்தான் பிடிச்சேன். பருத்தி மருந்த வாயில ஊத்துனது உங்காத்தா. என்ன விட்டுரு தாயி."

சந்தனம்மாள் கூந்தலை விட்டாள். எட்டு வருடம் வாய் திறக்காதவள் ஊரே கேட்கத் திறந்தாள். "ஊத்தச் சொன்னது யாரு? பல்லக் கடிச்சவள, மூக்கப் பிடிச்சா வாய் தெறக்கும்னு சொன்னது யாரு?"

அதற்குப் பிறகுதான் உக்கிரபாண்டி தலையைத் தூக்கினார். வாசலையும் கூட்டத்தையும் மேலே தூக்கிப் பிடித்த கைபேசியையும் பார்த்தார். உள்ளே ஓடி அரிவாளோடு வந்தார். கோடாங்கி உடுக்கைப் போட்டுவிட்டு வேலி தாண்டி ஓடினான். அனீஸ் ஓடவில்லை. முருகலட்சுமியைத் தெருவுக்கு இழுத்து வந்து தன் பைக்கில் ஏற்றினார். அரிவாள் அவர் முன்னங்கையைக் கிழித்துக்கொண்டு வண்டி சீட்டில் இறங்கியது. அந்த இரத்தக் கையோடு அவர் அருப்புக்கோட்டைவரை ஓட்டினார்.

ஆஸ்பத்திரியில் முருகலட்சுமி கண் விழித்தபோது மாமனார் வீட்டு உறவுக்காரர்கள் ஆறு பேர் சுற்றி நின்றார்கள். பேசியது நான் இல்லை, சத்யபிரியா வந்து பேசினாள், எனக்கு ஒன்றும் நினைவில்லை என்று சொல்லிவிட வேண்டும் என்றார்கள். அப்படிச் சொன்னால் பெரியவர் சொன்னது பேய்க்குப் பயந்த மனிதனின் உளறல் ஆகிவிடும். வீட்டை உன் பேருக்கே எழுதி வைக்கிறோம் என்றார்கள். தம்மாமிலிருந்து மதன்குமாரும் அதையே சொன்னான். தங்கச்சி எப்படிச் செத்தாள் என்று அவன் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

முருகலட்சுமி காவல்துறைக்குக் கொடுத்த வாக்குமூலத்தில் பேசியது நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதன்பின் அவள் பிறந்த வீட்டு ஓட்டின்மேல் கல் விழுந்தது. அப்பாவின் ஆடுகளுக்கு யாரோ விஷம் வைத்தார்கள், ஐந்து செத்தன. ஊர்க்காரர்கள் வேறொன்றும் செய்தார்கள். அந்த முற்றத்துக்கு எதிரே ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, பட்டுக் கட்டி, சத்யபிரியாவைத் தெய்வமாக்கினார்கள். உயிரோடு இருந்தபோது பிடித்த பையனோடு வாழவிடாத ஊர், செத்தபிறகு பொங்கல் வைக்கிறது. உக்கிரபாண்டிக்கு ஜாமீன் கிடைக்க வேண்டும் என்று அந்தக் கல்லுக்குத்தான் நேர்ந்துகொண்டார்கள். கொன்றவனைக் காப்பாற்றச் சொல்லிக் கொல்லப்பட்டவளிடமே கேட்க இந்த மண்ணில் யாருக்கும் கூச்சமில்லை.

இந்த வருடம் விசாரணை வந்தது. மல்லாங்கிணற்றிலிருந்து மதார் மைதீன் என்பவரின் வாடகைக் காரில் போனாள். பஸ்ஸில் போக வேண்டாம் என்று போலீசே சொல்லியிருந்தது. கூண்டில் ஏறி நின்றபோது இடது கையின் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. உக்கிரபாண்டி வெள்ளைச் சட்டையில் எதிரே நின்றார், பக்கத்தில் சந்தனம்மாள். எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்டார். அன்றைக்குப் பேசியது யார்? அவள் சொல்லவேண்டியதெல்லாம் தெரியாது என்ற ஒரு சொல். அதைச் சொன்னால் ஓட்டின்மேல் கல் விழுவதும் அன்றோடு நிற்கும்.

"நான்தான் பேசினேன்," என்றாள்.

"அப்ப நீங்க சத்யபிரியான்னு சொன்னது பொய்?"

"பொய்தான். அடி தாங்கலை."

"அப்ப பொய் சொல்ற ஆளுன்னு நீங்களே ஒத்துக்கறீங்க."

"ஒத்துக்கிறேன் ஐயா. நான் சொன்னது பொய். அதுக்கு அவுக சொன்னது நெசம்."

வக்கீல் உட்கார்ந்தார். நீதிபதி அந்த மூன்று வாக்கியத்தையும் அப்படியே தட்டச்சு செய்யச் சொன்னார்.