தளம் போட நான் குறித்த தேதி

செல்போனில் குட்டி மேகப் படத்தைப் பார்த்துவிட்டு "இன்னைக்கு மழையாம்" என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். அந்த மேகம் ஆவணியில் ஆரம்பித்து கார்த்திகை வரை தினமும் வரும். அதை நம்பினால் சென்னையில் நான்கு மாதம் யாரும் வீடு கட்ட முடியாது.

நான் சின்னக் கட்டடங்களுக்கு சைட் சூப்பர்வைசர். எந்த நாள் மழை என்பது எனக்குப் போதாது, எத்தனை மணிக்கு என்று தெரிய வேண்டும். கான்கிரீட் போட்டபின் நான்கு மணி நேரம் பெருமழை படாமல் இருந்தால் தளம் பிழைத்தது. அதற்குள் கொட்டினால் சிமென்ட் பால் எல்லாம் வழிந்து தெருவுக்குப் போய்விடும். மிச்சம் இருப்பது ஜல்லி.

அடையாறில் ஒரு தளத்தை நானே கெடுத்திருக்கிறேன். அப்போதுதான் வானிலை கணிக்கும் கம்ப்யூட்டர் மாடல்களின் வரைபடங்களைப் பார்க்கக் கற்றிருந்தேன். காற்று, ஈரம், சூடு எல்லாவற்றையும் கணக்குப் போட்டு மணிக்கு ஒரு படம் தருவார்கள். இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ராத்திரி பன்னிரண்டு மணி என்று போட்ட படம் சிவப்பாக இருந்தது, அடுத்தது எல்லாம் சுத்தம். சரி, நடுராத்திரியில் பெய்து ஓய்ந்துவிடும் என்று விடிகாலை ஐந்து மணிக்குக் கலவை ஏற்றினோம். ஐந்தரைக்குக் கொட்டியது. படத்தில் இருந்தது லண்டன் நேரம். ஐந்தரை மணி நேரம் கூட்டிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. போட்டதைச் சுத்தியல் வைத்து இரண்டு நாள் உடைத்து எடுத்தோம். கான்ட்ராக்டர், ஆட்கள் முன்னாலேயே சொன்னார்: "இன்னொரு தளம் போச்சுன்னா நீ ஊட்டோட இருந்துக்கம்மா."

அடுத்த தளம் மயிலாப்பூரில், சித்திரக்குளத்துக்குப் பக்கத்துச் சந்தில். பழைய வீட்டின்மேல் ஒரு மாடி. புரட்டாசி ஆரம்பம். கம்பி கட்டி முடித்தாயிற்று. ஆட்கள் நான் குறித்த தேதிக்கு மறுநாளிலிருந்து வேறு சைட்டுக்குப் போகிறார்கள், விட்டால் பத்து நாள் கழித்துத்தான் வருவார்கள். நான்கு நாளாக மூன்று மாடல்களைப் பார்த்தேன். ஒவ்வொரு முறை புதிதாகக் கணக்குப் போடும்போதும் திரும்பப் பார்த்தேன். இரண்டு மாடல்கள் மாலை ஐந்து, ஐந்தரை என்பதை விட்டு அசையவில்லை. மூன்றாவது, ராத்திரிதான் என்றது. காலை மழை என்று ஒன்றுகூடச் சொல்லவில்லை. காலை ஆறுக்கு ஆரம்பிக்கிறோம் என்றேன்.

ஆறு மணிக்கு வானம் கறுப்பாக இருந்தது. வீட்டுக்காரர், ரிட்டயரான பேங்க் ஆபீசர், போனை நீட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றார். அவர்கள் குடும்ப குரூப்பில் யாரோ அதே மாடல் படத்தை அனுப்பியிருந்தார்கள்.

"ஏம்மா, பன்னெண்டு மணிக்கு ரத்தச் செவப்பா இருக்கே. பாதி வேலைல கொட்டினா என்ன பண்ணுவே?"

"அது லண்டன் பன்னெண்டு சார். நமக்கு அஞ்சரை."

"மயிலாப்பூர்ல பெய்யற மழைக்கு லண்டன்ல எதுக்கு மணி பாக்கறா?"

"உலகத்துக்கே ஒரே மணி வச்சிருக்காங்க சார். நான் அடையாறுல இதத் தெரியாம ஒரு தளத்தயே ஒடச்சேன்."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அவர் முகம் செத்துப்போயிற்று. மேஸ்திரி நொச்சிக்குப்பத்துக்காரர், அவர் பங்குக்கு வந்தார்.

"மேல பாருக்கா, எப்டி கறுத்துக்கினு கீது. எங்க குப்பத்துல ஒருத்தன் கடலுக்குப் போவல."

"அவங்க காத்துக்குப் பயந்து போவல. நான் மழையப் பாக்குறேன். நீ கலவ மிஷின ஓட்டு."

"ஓட்றேன். ஆனா நீ இன்னா பெரிய வருண பகவானா?"

ஆட்கள் சிரித்தார்கள். மிஷின் ஓடியது.

ஒன்பது மணிக்குத் தூறல் விழுந்தது. கலவைச் சட்டி கைமாறுவது நின்றது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வீட்டுக்காரர் கீழேயிருந்து "நிறுத்திடுங்கோ" என்றார். இந்த நிமிஷம் எங்கே பெய்கிறது என்று காட்டும் ரேடார் படத்தைப் போனில் திறந்தேன். எங்கள் தலைக்குமேல் சின்ன மழைத் திட்டு ஒன்று, பத்து நிமிஷத்துக்கு முந்தைய படத்தைவிடக் கடலை நெருங்கியிருந்தது. அதற்குப் பின்னால் காஞ்சிபுரம் வரை ஒன்றுமில்லை. கூரை போடும்போது நடுவில் நிறுத்தினால் அந்த இடத்தில் ஒட்டு விழும், பிற்பாடு அங்கேதான் ஒழுகும். தார்ப்பாயைக் கையில் பிடித்தபடி, "போடுங்க, நிறுத்தாதீங்க" என்று கத்தினேன். ஏழெட்டு நிமிஷம். தூறல் நின்றது. மேஸ்திரி பலகையை எடுத்து மட்டம் தேய்த்தார்.

பன்னிரண்டுக்குக் கடைசிச் சட்டி கொட்டியபோது வெயில் அடித்தது. வீட்டுக்காரர் போனையும் வானத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "லண்டன்ல கொட்றதோ என்னமோ" என்று முணுமுணுத்தார். அவர் வீட்டிலேயே ஆட்களுக்குச் சாப்பாடு, கேசரியோடு. நான் நாலு மணி வரை தளத்தை ஒட்டிய சாரப் பலகையில் உட்கார்ந்து மேற்கே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு மணிக்குக் கான்கிரீட்டைக் கட்டை விரலால் அழுத்தினேன். பதியவில்லை.

ஐந்து பத்துக்கு மேற்கிலிருந்து காற்று தூசியோடு வந்தது. பின்னாலேயே மழை, குடம் கவிழ்த்த மாதிரி. வீட்டுக்காரர் குடையோடு மேலே ஓடி வந்தார். மேஸ்திரி போகாமல் இருந்தார், என்னைப் போலவே அவருக்கும் பார்க்காமல் போக மனசில்லை. மூன்று பேரும் தளத்துத் தண்ணீர் வெளியே விழும் குழாயைத்தான் பார்த்தோம். பால் நிறத்தில் வந்தால் என் வேலை போயிற்று. தெளிந்த தண்ணீர் வந்தது. கையில் பிடித்துப் பார்த்தேன், சுத்தமான மழைத் தண்ணீர்.

"இருபது நிமிஷம் முன்னாடி வந்துட்டுதேக்கா, ஒன் மழ," என்றார் மேஸ்திரி. "மாடலுக்கு வாட்ச் சரியில்ல."

"இன்னைக்குத் தளத்துக்கு மழையே தண்ணி ஊத்திடுச்சு, ஒனக்கு அந்த வேல மிச்சம். வாய மூடு."

வீட்டுக்காரர் குடையை மடக்கிவிட்டு நனைந்தபடி தளத்தின்மேல் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை நடந்தார். "நன்னா நிக்கறது," என்றார். பிறகு அதையே இன்னொரு தடவை சொன்னார்.

மறுநாள் கான்ட்ராக்டர் போன் பண்ணினார். பாராட்டுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை, அவரும் பாராட்டவில்லை. அசோக் நகரில் ஒரு தளம் இருக்கிறது, வீட்டுக்காரர் ஜோசியரிடம் மூன்று தேதி வாங்கி வைத்திருக்கிறார் என்றார்.

"மூணுல எதுன்னு நீயே சொல்லு," என்றார்.

"இப்பவே கேட்டா தெரியாது. நாலு நாள் முன்னாடி கேளுங்க, மணியோட சொல்றேன்," என்று போனை வைத்தேன்.