மேற்குச் சுவரின் கிளித் துளை

காலை பத்து மணிக்குக் கொத்தனார் மேற்குச் சுவரின் கடைசித் துளையையும் அடைத்துவிட்டு, ஏணியோடு சென்னீர்குப்பத்திலிருந்த தன் வீட்டுக்குச் சாப்பிடப் போனார். பொங்கலுக்காக மறுநாள் வெள்ளையடிப்பதாக ஏற்பாடு.

பூவிருந்தவல்லியில் நாங்கள் குடியிருந்த அந்தப் பழைய செங்கல் வீட்டைக் கட்டியவர்கள், சாரத்து மூங்கில் செருகிய துளைகளை அப்படியே விட்டிருந்தார்கள். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவருக்குச் சற்றுக் கீழே இருந்த துளையில் வருடாவருடம் ஒரு ஜோடிப் பச்சைக்கிளி குஞ்சு பொரிக்கும். யுத்தத்தின்போது ராணுவ முகாமுக்காக ஆவடிப் பக்கம் தோப்புகளை வெட்டிய பிறகு பொந்துள்ள மரங்கள் குறைந்துவிட்டன. அந்தத் துளையை யாரும் தொடக்கூடாது என்பது என் மகள் போட்ட சட்டம். கொத்தனாரிடம் அதைச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கொத்தனார் போன சற்று நேரத்தில், கழுத்தில் சிவப்பு வளையமுள்ள ஆண்கிளி அந்தத் துளையை மூடிய ஈரச் சுண்ணாம்பைப் பற்றித் தொங்கிக்கொண்டு கத்தியது.

“அப்பா, பொட்டைக்கிளி உள்ளே இருக்கு!” என்றாள் மகள்.

எங்களிடம் ஏணி கிடையாது. சைக்கிளில் விரைந்தேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்த கொத்தனார், ஏணியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வருவதாகச் சொன்னார். நான் முன்னால் திரும்பினேன்.

தெருவிலிருந்தே பார்த்தேன். கைப்பிடிச் சுவரின்மேல் குப்புறப் படுத்து, இடுப்புவரை வெளியே தொங்கியபடி, கரண்டிக் காம்பால் அடைப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தாள் என் மகள். கூப்பிட்டால் திடுக்கிட்டு விழுந்துவிடுவாளோ என்று கூப்பிடவும் பயம். படியேறியது நினைவில்லை. அவள் கணுக்கால்களைப் பிடித்தது மட்டும் நினைவிருக்கிறது. இன்று அவள் இரண்டு குழந்தைகளுக்குத் தாய்; மாடிக்குப் போகிறேன் என்று அவள் சொன்னால் இப்போதும் நான் பின்னாலேயே போய் நிற்கிறேன்.

கொத்தனார் வந்து அடைப்பைப் பெயர்த்தார். பெண்கிளி சீறிக்கொண்டு வெளிவந்து, அவர் விரலைக் கடித்துவிட்டுப் பறந்தது. துளைக்குள் முட்டைகள் உடையாமல் இருந்தன.

“தட்டிப் பாத்துட்டுதான் சாமி அடச்சேன்,” என்றார், விரலை உதறியபடி. அடைக்குமுன், பூச்சு பூசும் கரணையின் பிடியால் சுவரைத் தட்டுவது கொத்தனார்கள் வழக்கம். பல்லியோ பாம்போ, உள்ளே எது இருந்தாலும் வெளியே வந்துவிடுமாம்.

கிளி திரும்புமா என்பதுதான் இப்போது கவலை. திரும்பாவிட்டால் முட்டைகள் வீண். மகள் சாப்பிட மறுத்தாள். கொத்தனாரும் போகவில்லை, முற்றத்தில் எங்களோடு உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். என் மனைவி எல்லோருக்கும் மோர் கொடுத்தாள். வெயில் தாழ்ந்தபோது பெண்கிளி வந்து துளை விளிம்பில் உட்கார்ந்தது. எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே நழுவியது. மகள் சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டாள். வெள்ளைச் சுவரில் அந்த ஒரு துளை மட்டும் கறுப்பாக இருக்கட்டும் என்றேன்.

அப்போதுதான் புருஷனைத் தேடிக்கொண்டு கொத்தனாரின் மனைவி வந்தாள். அவர் தட்டிப் பார்த்த கதையைக் கேட்டதும் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“முட்ட மேல குந்திகினு கீறவ, நீ கதவத் தட்னா ஓடியாந்து தொறப்பாளாய்யா?”